'எஃப்.சி இருக்குல்ல?' - பழைய மினி வேன் வாங்குபவருக்கு அந்தச் சான்று எவ்வளவு தூரம் உத்தரவாதம்?

அரியாங்குப்பத்தில் கடலூர் சாலையோரம் பழைய 'குட்டி யானை' ஒன்றுக்கு விலை பேசினால், பேரம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் முடிந்துவிடும். "எஃப்.சி இருக்குல்ல?" இருக்குன்னு சொன்னா, அட்வான்ஸ் கைமாறும். அந்தச் சான்றுதான் வண்டி நல்ல வண்டி என்பதற்கான ஆதாரம் என்று வாங்குபவர் நம்புகிறார். விற்பவரும் அப்படித்தான் சொல்கிறார்.

உண்மை வேறு. எஃப்.சி என்பது சட்டப்படி வண்டியை ரோட்டில் ஓட்டுவதற்கான அனுமதி. அடுத்த ஒரு வருஷத்துக்கு பிரேக் பிடிக்கும், தரை உடையாது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. இந்த வித்தியாசம் புரியாததால் கடன் வாங்கி வண்டி எடுப்பவர் நஷ்டப்படுகிறார். அதைவிட மோசம், அந்த வண்டியில் ஏறிப் போகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து. இதை மாற்ற முடியும். எப்படி என்று பார்ப்பதற்கு முன், எஃப்.சி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

எஃப்.சி யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 56-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. வாடகைக்கும் சரக்கு ஏற்றவும் ஓடும் மஞ்சள் போர்டு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயம். சான்று இல்லாவிட்டால், ஆர்.சி புத்தகம் கையில் இருந்தாலும் அது முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. அவ்வளவு முக்கியமான காகிதம் இது.

புது வண்டிக்கு முதல் இரண்டு வருஷம் பிரச்னை இல்லை. 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி காட்ட வேண்டும். எட்டு வயதைத் தாண்டினால் வருஷா வருஷம்.

வெள்ளை போர்டு கதை வேறு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த ஆம்னி, ஈகோ போன்ற வேன்களுக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அதன்பிறகுதான் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதாவது 14 வயதான ஒரு வெள்ளை போர்டு வேனை, பதிவு செய்த நாளுக்குப் பிறகு எந்த அதிகாரியும் திரும்பிப் பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. இன்று சந்தைக்கு வரும் ஒவ்வொரு ஆம்னியும் பழைய வண்டிதான்.

பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 62-வது விதியில் பட்டியலே இருக்கிறது. ஹெட்லைட், மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், பின்பார்வைக் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை அளவு, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டியரிங். இதைப் பார்ப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். நம் ஊரில் அவருக்கு இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் பெயர். மக்கள் அந்தப் பதவியிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆனால், பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் வெளியே கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள். பல்பு மாற்றலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், பெயின்ட் அடிக்கலாம். எஃப்.சி நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிவிட்டு, மறுநாள் பழைய டயரைத் திரும்ப மாட்டும் பழக்கம் ஒர்க் ஷாப் வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல. பரிசோதனை நாளன்று வண்டி பாஸ்தான். அடுத்த நாள் ரோட்டில் ஓடுவது வேறு டயரில் ஓடும் வண்டி.

கடலோரத்தில் சிக்கல் இன்னும் பெரிது

அரியாங்குப்பம் கொம்யூனில்தான் வீராம்பட்டினம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். இந்தப் பக்கத்துச் சின்ன வேன்களில் பல, ஏதோ ஒரு கட்டத்தில் மீன் ஏற்றியிருக்கும். ஐஸ் உருகி வழியும் தண்ணீரில் உப்பு. காற்றிலும் உப்பு. தண்ணீரும் காற்றும் மட்டுமே இருந்தால் இரும்பு மெதுவாகத் துருப்பிடிக்கும். உப்பு சேர்ந்தால் அந்த வேகம் பல மடங்கு கூடும்.

துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். லோடு பாடியின் அடித்தகடு, சேஸிஸின் உள்பக்கம், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட், முன்னாலிருந்து பின்சக்கரம் வரை போகும் பிரேக் பைப். பைப்பின் சுவர் மெலிந்துகொண்டே வரும். ஆனால் வெடிக்கும் நிமிஷம் வரை பிரேக் நன்றாகவே பிடிக்கும். எஃப்.சி நாளில் பெடலை மிதித்துப் பார்த்தால் அது தெரியாது. மேலே கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் கண்ணாலும் பார்க்க முடியாது.

இது கற்பனை பயம் இல்லை. 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே தனியார் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். தமிழ்நாடே அதிர்ந்த சம்பவம் அது. சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பேருந்து தகுதிச் சான்று பெற்றிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. பள்ளி திறப்பதற்கு முன் பேருந்துகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பதை இப்போது வருஷா வருஷம் பார்க்கிறோம்.

பள்ளிப் பேருந்துக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டோம். பழைய மினி வேனுக்கு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மீன் விற்கப் போகும் பெண்களும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும் ஏறிப் போவது இந்த வண்டிகளில்தான்.

மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

மத்திய அரசின் பதில், தானியங்கி பரிசோதனை நிலையம். 2021 செப்டம்பரில் இதற்கான விதிகள் வந்தன. ரோலர் மேல் சக்கரத்தை ஏற்றி பிரேக் விசையை அளப்பது, இடது வலது வித்தியாசத்தைக் காட்டுவது, சஸ்பென்ஷன், ஹெட்லைட் கோணம், புகை என எல்லாவற்றுக்கும் கருவி. முடிவு நேராகக் கணினிக்குப் போகும். பரிசோதனை நிலையம் நடத்துபவர் ரிப்பேர், வாகன விற்பனை, ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் செய்யக் கூடாது. பெயிலானால் மறுசோதனை. அதிலும் தேறாவிட்டால் 'ஆயுள் முடிந்த வாகனம்'. இதைக் கட்டாயமாக்கும் கெடு முதலில் 2023 ஏப்ரல் என்று சொல்லப்பட்டு, பிறகு தள்ளித் தள்ளிப் போனது.

இது நல்ல மாற்றம்தான். சலுகை காட்டும் கையைக் கருவி குறைக்கும். ஆனால், கருவியும் அளப்பது அந்த நாளின் பிரேக் விசையைத்தான். பைப்பின் தடிமனையோ, அது எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்பதையோ அது சொல்லாது. அதற்கு ஒரு மனிதர் பள்ளத்தில் இறங்கி, டார்ச் அடித்து, தட்டிப் பார்க்க வேண்டும். இன்னொரு குறையும் இருக்கிறது. மெஷின் எத்தனை எண்களைப் பதிவு செய்தாலும், வண்டியை வாங்கப் போகிறவர் கண்ணில் அவை படுவதில்லை. பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பது தெரியும். போன முறை எதில் பெயிலாகி, எதைச் சரி செய்து பாஸானது என்பது தெரியாது.

மற்ற நாடுகளில் எப்படி?

புதுச்சேரியில் பிரான்சுடன் உறவு வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். அங்கே 1992 முதல் கார்களுக்கும் சின்ன வேன்களுக்கும் தொழில்நுட்பப் பரிசோதனை கட்டாயம். நாலு வயதானால் முதல் பரிசோதனை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. நமக்கு முக்கியமான விஷயம் இதுதான்: நாலு வயதுக்கு மேற்பட்ட வண்டியை இன்னொருவருக்கு விற்க வேண்டுமென்றால், ஆறு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனை அறிக்கையை விற்பவர் கொடுக்க வேண்டும். குறைகள் சின்னது, பெரியது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரித்து அதில் எழுதியிருக்கும். பெரிய குறைக்கு இரண்டு மாத அவகாசம். ஆபத்தான குறை என்றால் அன்று நள்ளிரவோடு சான்றின் ஆயுள் முடிந்தது.

பிரிட்டனில் 1960-ல் தொடங்கிய எம்.ஓ.டி பரிசோதனையில் துருவுக்கென்றே தனி அளவுகோல் இருக்கிறது. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் ஆகியவை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ சுற்றளவில் இரும்பு பலவீனமாக அரித்திருந்தால் பெயில். பழைய பரிசோதனைகளின் முடிவு, அப்போது ஓடியிருந்த தூரம், 'இப்போதைக்கு பாஸ், ஆனால் இதைக் கவனி' என்ற குறிப்பு எல்லாவற்றையும் வண்டி நம்பரைப் போட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அப்படியிருந்தும், இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலைமைக்கு இந்தச் சான்று பொறுப்பல்ல என்று அந்த அரசே தெளிவாகச் சொல்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

மூன்று மாற்றங்கள் தேவை. ஒன்று, பரிசோதனை முடிவு முழுவதையும் பரிவாகன் தளத்தில் பொதுவில் வைக்க வேண்டும். பிரேக் விசை எவ்வளவு, எதில் பெயில், எப்போது மறுசோதனை என எல்லாம். தகவல் ஏற்கெனவே கணினியில் ஏறிக்கொண்டிருக்கும்போது அதைக் காட்டுவதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஆறு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனை அறிக்கை கட்டாயமாக வேண்டும், வெள்ளை போர்டு வேன் உட்பட. மூன்று, கடலோர மாவட்டங்களிலும் புதுச்சேரி போன்ற பகுதிகளிலும் அடிப்பாக துருப் பரிசோதனையைத் தனி அம்சமாகச் சேர்க்க வேண்டும்.

"ஏற்கெனவே அலைச்சல், இதுல இன்னொரு செலவா?" என்று வண்டிக்காரர்கள் கேட்பது நியாயம்தான். ஒரு நாள் ஆர்டிஓ வரிசையில் நின்றால் அன்றைய லோடு போச்சு. அதனால்தான் இந்தக் கூடுதல் பரிசோதனை, வண்டி கைமாறும்போது மட்டும் என்று வைக்கலாம். பொறுப்பை விற்பவர் மேல் போடலாம். வயதானதற்காக வண்டியை ஒதுக்குவதைவிட, நிலைமையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் சின்ன வியாபாரிக்கும் நியாயம். நன்றாகப் பராமரித்த 12 வயது வேன், மீன் தண்ணீரில் ஊறிய 5 வயது வேனைவிட பாதுகாப்பானதாக இருக்கலாம்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

வண்டியை ரேம்ப் அல்லது பள்ளத்தில் நிறுத்தி உங்கள் மெக்கானிக்கை அடியில் பார்க்கச் சொல்லுங்கள். புதுசாக அடித்த கறுப்பு பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் உள்ளே துரு இருக்கலாம். லோடு பாடியில் போட்டிருக்கும் மேட்டையும் பிளைவுட்டையும் எடுத்துப் பாருங்கள்.

பிரேக் பெடலை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் தயாரானது. காலி வண்டியை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள்; லோடு ஏற்றி ஓட்டுங்கள்.

காகிதங்களும் முக்கியம். டி.என்-31 வண்டியை பி.ஒய்-01 ஆக்கப்போகிறீர்கள் என்றால் பழைய ஆர்டிஓ ஆபீஸ் தடையில்லாச் சான்று வேண்டும். வங்கிக் கடன் ரத்தான விவரம், நிலுவையில் இருக்கும் அபராதம் இரண்டையும் பாருங்கள். விற்பவர் வியாபாரி என்றால், 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று கட்டாயம், அதைக் கேளுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியைக் கொடுத்துவிட்டு ஆர்.சியில் பெயர் மாற்றாமல் விட்டால், விபத்து இழப்பீட்டில் பதிவில் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. விற்ற வண்டியின் பிரேக் போனாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

எஃப்.சி இருக்கிறதா என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, "போன தடவை எதுல பெயிலாச்சு?" என்றும் கேளுங்கள். அதற்கான பதிலை விற்பவர் வாயிலிருந்து இல்லாமல் அரசின் தளத்திலிருந்தே பார்க்க முடிகிற நாள் வரவேண்டும். புதுச்சேரி போக்குவரத்துத் துறை இதற்கு முதலில் குரல் கொடுக்கலாம்.