தீயில் தப்பியவரைத் தண்ணீர் கொல்லலாமா?

பட்டாசு ஆலையில் விபத்து. ஒரு தொழிலாளியின் உடம்பு வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறார்கள். டாக்டர்கள் பாடுபடுகிறார்கள். உயிர் தப்பிவிட்டது. "கண்டம் தாண்டிவிட்டது" என்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஐந்தாறு நாள் போகிறது. திடீர் என்று காய்ச்சல் அடிக்கிறது. புண்ணில் சீழ் பிடிக்கிறது. கட்டுத்துணியில் பச்சை நிறம் தெரிகிறது. பிறகு ஆள் எழுந்திருக்கவே இல்லை.

அவரைக் கொன்றது தீயா? இல்லை, கிருமி!

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? அவர் உடம்பைக் கழுவிய தண்ணீரில் இருந்தே வந்திருக்கலாம்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் மக்களுக்கு இது எங்கோ நடக்கும் கதை அல்ல. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டியில் மீண்டும் உயிர்ப்பலி. இந்த வட்டாரத்தில் யாருக்குத் தீக்காயம் பட்டாலும் சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். காயம் பெரிது என்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

விபத்தைத் தடுப்பது பற்றிப் பேசுகிறோம். விபத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக் குழாயைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

தோல் ஒரு கோட்டை

நம் தோல் ஒரு கோட்டைச் சுவர். கிருமியை உள்ளே விடாது. தீக்காயக்காரருக்கு அந்தச் சுவர் இடிந்துவிட்டது. நாம் குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர்கூட அவர் புண்ணில் பட்டால் எமனாகலாம். முதல் சில நாட்களைத் தாண்டிய தீக்காயக்காரர்களுக்குப் பெரிய எதிரி கிருமிதான்.

பச்சைச் சீழ் உண்டாக்கும் அந்தக் கிருமியின் பெயர் சூடோமோனாஸ். 1882-ம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த கெசார் என்பவர் கட்டுத்துணியில் இருந்து அதைப் பிரித்துக் காட்டினார்.

அது ஈரம் உள்ள இடத்தில் வாழும். குழாயின் உள்பக்கம் வழவழ என்று ஒரு படலம் கட்டும். அதற்குள் பதுங்கிக்கொண்டால் குளோரின் மருந்துகூட எளிதில் எட்டாது. தண்ணீர் பார்ப்பதற்குப் பளிங்கு போல இருக்கும். பார்வைக்குத் தெளிவு வேறு, சுத்தம் வேறு!

இன்னொரு கிருமி லெஜியோனெல்லா. 1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா ஓட்டலில் தங்கியவர்களைத் தாக்கி, 30 பேருக்கு மேல் பலி வாங்கியது இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் செழிக்கும். தண்ணீர்த் துளி மூச்சோடு உள்ளே போனால் நிமோனியாக் காய்ச்சல் வரும். நம் ஊர் வெயிலில் மொட்டைமாடித் தொட்டி எப்படிக் காயும் என்று சொல்லவா வேண்டும்?

இரண்டு நாடுகள், ஒரே பாடம்

வட அயர்லாந்து பணக்கார நாட்டின் பகுதி. அங்கே 2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் நான்கு பச்சிளங்குழந்தைகள் ஆஸ்பத்திரியிலேயே சூடோமோனாஸ் கிருமிக்குப் பலியானார்கள். பெல்பாஸ்ட் ஆஸ்பத்திரியில் தேடிப் பார்த்தபோது கிருமி குழாய்களில் இருந்தது.

பிரேசில் நாட்டில் கருவாரு என்ற ஊர். அங்கே 1996-ல் சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்த இடத்துக்கு லாரியில் தண்ணீர் வந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. தண்ணீரில் பாசி விஷம் இருந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

லாரித் தண்ணீர் என்றதும் நமக்கு நம் தெரு நினைவு வருகிறது அல்லவா?

சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணையில் இருந்தும், மானூர் திட்டத்தின் மூலம் தாமிரபரணியில் இருந்தும் தண்ணீர் வருகிறது. வறண்ட பூமி. குழாய் வராத நாளில் ஆழ்துளைக் கிணறும் லாரியும்தான் துணை. சிறிய ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கைக்கு நாள் ஒன்றுக்கு 340 லிட்டர் வேண்டும் என்பது கணக்கு. 50 படுக்கை என்றால் 17 ஆயிரம் லிட்டர்! லாரியில் இருந்து தரைத்தொட்டி, அங்கிருந்து மேல்தொட்டி, பிறகு குழாய். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கிருமிக்கு ஒரு வாசல்.

என்ன செய்யவேண்டும்?

வழி இருக்கிறது. பெரிய செலவும் இல்லை.

தண்ணீருக்கு என்று பெயர் சொல்லி ஓர் ஆள் பொறுப்பாக இருக்கவேண்டும். எல்லாருடைய வேலை என்றால் அது யாருடைய வேலையும் இல்லை.

தினமும் கடைசிக் குழாயில் குளோரின் சோதிக்கவேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும். சிறிய சோதனைப் பெட்டி போதும். நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தொட்டிக்கு மூடி வேண்டும். கழுவிய தேதியைச் சுவரில் எழுதவேண்டும்.

திறக்காத குழாய்களை அடிக்கடி திறந்து தண்ணீரை ஓடவிடவேண்டும். உதவாத குழாயை வெட்டி எடுத்துவிடவேண்டும். தேங்கிய தண்ணீர்தான் கிருமிக்குத் தொட்டில்.

தீக்காயத்தைக் கழுவக் கிருமி நீக்கிய தண்ணீரே வேண்டும். வார்டுத் தண்ணீரை அவ்வப்போது ஆய்வுக்கு அனுப்பவேண்டும்.

அரசு ஆஸ்பத்திரிகளின் சுத்தத்துக்கு மார்க் போட்டுப் பரிசு தரும் "காயகல்ப்" திட்டம் 2015 முதல் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பரிசு வாங்கும் நாளில் மட்டும் தொட்டி சுத்தமாக இருந்தால் போதுமா? புதிய கட்டடத்தைத் திறக்க விழா எடுக்கிறோம். அந்தக் கட்டடத்தின் குழாயைப் பார்க்கும் தொழிலாளிக்கும் சம்பளம் ஒதுக்கவேண்டும்.

பயப்படவேண்டாம்!

இதைப் படித்துவிட்டுத் தண்ணீரைக் கண்டு பயப்படக்கூடாது. தீப்பட்ட உடனே, அந்த இடத்திலேயே, சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் காயத்தில் ஓடவிடுங்கள். அதுதான் முதல் உதவி. மையோ, பற்பசையோ தடவாதீர்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வார்டுக்குப் போனபின் டாக்டரும் நர்சும் சொல்லாமல் நீங்களாகப் புண்ணைக் கழுவாதீர்கள். நோயாளியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். "இந்தத் தொட்டியை எப்போது கழுவினீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றம் அல்ல.

மருந்தோடும் தீயோடும் போராடிப் பிழைப்பவர்கள் இந்த வட்டாரத்து மக்கள். தீயில் இருந்து மீண்டு வந்தவருக்கு நல்ல தண்ணீராவது கொடுப்போம்.