கடலடியில் ஒரு நீண்டகாலக் கடன்

பத்திரிகை ஆசிரிய பீடத்தில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு விடயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். விஞ்ஞானச் செய்தி ஒன்று எமது மேசைக்கு வரும்போது அதற்கு இரண்டு கதிகளில் ஒன்றே வாய்ப்பது வழக்கம். 'பேரழிவு' என்ற சொல் அதில் இருந்தால் முதற்பக்கம், இல்லையேல் குப்பைக்கூடை. கடலடியில் உறைந்து கிடக்கும் மீதேன் வாயு பற்றிய செய்திகளுக்கு நேர்ந்திருப்பதும் இதுவே. 'மீதேன் குண்டு' எப்போது வெடிக்கும் என்று அஞ்சுவோர் ஒருபுறம். அது வெறும் பூச்சாண்டி என்று ஒதுக்கிவிடுவோர் மறுபுறம். இரு சாராருமே தவறு செய்கின்றனர் என்பதே எனது கருத்து.

கடலின் ஆழத்தில் நிலவும் கடுங்குளிரிலும் பேரழுத்தத்திலும் நீர் மூலக்கூறுகள் கூடுபோல் அமைந்து மீதேனைத் தமக்குள் சிறைப்பிடித்து வைத்திருக்கின்றன. இதுவே மீதேன் ஐதரேற்று. பார்வைக்குப் பனிக்கட்டி, தீயிட்டால் எரியும். இதன் ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 160 கன மீற்றர் வாயு அடங்கியிருக்கிறது. உலகெங்கும் இவ்வாறு உறைந்துள்ள காபனின் அளவு சுமார் 1,80,000 கோடி தொன் என அண்மைக்கால மதிப்பீடு ஒன்று கூறுகிறது. வெப்பம் உயர்ந்தாலோ அழுத்தம் குறைந்தாலோ இந்தக் கூடு உடையும்.

அச்சம் காரணமின்றி எழுந்ததல்ல. 5 கோடியே 60 இலட்சம் வருடங்களுக்கு முன்னர் பூமி சுமார் 5 பாகை செல்சியஸ் வெப்பமடைந்தது. அதற்கு ஐதரேற்றுகளே காரணமாகலாம் என்ற கருத்து 1995 இல் முன்வைக்கப்பட்டது. எரிமலைகளின் பங்கு பெரிது என்று பின்னைய ஆய்வுகள் வாதிட்டபோதிலும், அந்த ஐயம் முற்றாக நீங்கவில்லை. 2008 இல் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால், கடலடியில் இருந்து 250 இற்கும் மேற்பட்ட வாயுக் குமிழித் தாரைகள் எழுவது கண்டறியப்பட்டபோது, குண்டின் திரி பற்றிவிட்டது என்றே பலரும் கருதினர்.

ஆனால், அதே இடத்தில் துளையிட்டு ஆராய்ந்தவர்கள் 2018 இல் வெளியிட்ட முடிவு வேறு கதையைச் சொன்னது. பனியுகத்தின் பாரிய பனிப்படலம் உருகி நீங்கியதும், சுமை குறைந்த கடலடி மெல்ல மெல்ல உயர்ந்தது. அதனால் அழுத்தம் குறைந்து ஐதரேற்று சிதையத் தொடங்கியது. அது ஆரம்பித்தது சுமார் 8,000 வருடங்களுக்கு முன்னர்! அந்தாட்டிக் பனியில் சிறைப்பட்ட புராதன காற்றின் சாட்சியமும் உண்டு. 11,600 வருடங்களுக்கு முன்னர் பூமி சடுதியாக வெப்பமடைந்தபோது வளிமண்டலத்தில் கூடிய மீதேனில் ஐதரேற்றுகளின் பங்கு மிகச் சொற்பம் என 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. கடலடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வெளியேறும் மீதேனில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. தப்பிவரும் எஞ்சியதில் பெரும்பங்கு நீரிலேயே காபனீரொட்சைட்டாக மாறிவிடுகிறது. இந்த நூற்றாண்டில் ஐதரேற்றுகளால் வெப்பமாதலின் போக்கு கண்டறியத்தக்க அளவு மாறுவது மிகவும் சாத்தியமற்றது என ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழுவும் 2021 இல் கூறியிருக்கிறது.

அப்படியானால் நிம்மதியாக உறங்கலாமா? இங்குதான் இரண்டாவது தவறு ஆரம்பிக்கிறது. மேற்பரப்பின் வெப்பம் ஆழ்கடலை அடைய நூற்றாண்டுகள் செல்லும். சேற்றைக் கடந்து ஐதரேற்றைத் தொட மேலும் நூற்றாண்டுகள் வேண்டும். ஆபத்து தாமதமாகிறதே தவிர தள்ளுபடியாவதில்லை. 3 பாகை வெப்பமாதலுக்கு ஐதரேற்றுகள் காட்டும் எதிர்வினை, ஆயிரக்கணக்கான வருடங்களில் மேலும் சுமார் அரைப் பாகையைச் சேர்க்கலாம் என 2009 இல் வெளியான கணிப்பொன்று காட்டியது. நீரில் கரையும் மீதேன் கடலின் ஒட்சிசனை உண்டு, அதன் அமிலத்தன்மையைக் கூட்டும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதற்கு எவரிடமும் கருவி இல்லை. இன்று நாம் வாங்கும் கடனுக்கு, எமது மொழியைப் பேசுவார்களோ என்றுகூடத் தெரியாத சந்ததியினர் வட்டி கட்டப்போகிறார்கள்.

இதனிடையே, இதே ஐதரேற்றை எரிபொருளாக்கும் போட்டியும் நடக்கிறது. ஜப்பான் 2013 இலும், சீனா 2017 இலும் கடலடியில் இருந்து பரீட்சார்த்தமாக வாயுவை எடுத்தன. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் இந்தியா 2006 இலேயே துளையிட்டுப் பார்த்தது. தானாக வெளிவர ஆயிரம் வருடங்கள் எடுக்கும் காபனை நாமே அவசரமாக வெளியே எடுத்து எரிப்பதை எந்த அறிவின் பாற்படுத்துவது?

குண்டு பற்றிய கூச்சலில் மறைந்துபோகும் உண்மையொன்று உண்டு. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்துடன் ஒப்பிடுகையில் வளிமண்டல மீதேன் இன்று இரண்டரை மடங்கையும் தாண்டிவிட்டது. இது ஆழ்கடலில் இருந்து வந்ததல்ல. பெரும்பாலும் மனிதர் கைபட்டு வந்தது. ஒழுகும் எரிவாயுக் குழாய்கள், நிலக்கரிச் சுரங்கங்கள், குப்பைமேடுகள், மாட்டுப்பட்டிகள், நெல்வயல்கள் ஆகியவற்றில் இருந்து கிளம்பியது. அந்த வாயு ஒரு தசாப்தம் அளவே காற்றில் தங்குகிறது. எனவே இன்று குறைத்தால் எமது ஆயுட்காலத்திலேயே பலனைக் காணலாம். 2030 ஆம் ஆண்டுக்குள் 30 வீதம் குறைப்போம் என 2021 இல் கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வாக்குறுதி அளித்தன. அந்த வாக்குறுதியின் கதியை எத்தனை பத்திரிகைகள் முதற்பக்கத்தில் விசாரிக்கின்றன?

மெதுவாக வரும் ஆபத்துக்குத் தலைப்பு எழுத எமது தொழில் இன்னமும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளவேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கிறது.