கடல் இல்லாத ஊரில் ஒரு கடற்கொள்ளையன்!

ஸ்கூல் டயரியில் ஒரே ஒரு வரிதான் எழுதி அனுப்புகிறார்கள். ‘வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி.’ எழுதிய மிஸ் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்த வரியைப் படித்த வீட்டில் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது!

கல்யாணம் ஆகாத ஆபீஸ் நண்பர்களே, ‘நமக்கென்ன சார்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கு அக்கா இருக்கிறாளா? அக்காவுக்குப் பிள்ளை இருக்கிறதா? தீர்ந்தது. நீங்கள் தாய்மாமன். மொட்டை போட மடி கொடுத்தவர், காது குத்த மடி கொடுத்தவர், மாறுவேடத்துக்கு மட்டும் ‘லீவு கிடைக்கல’ என்று தப்பிக்க முடியாது.

சுலபமான வழி வாடகைக் கடை. ஒரே கோட்டில் ஊரிலுள்ள அத்தனை குட்டி நேருக்களும் வருஷா வருஷம் புகுந்து புறப்பட்டிருப்பார்கள். போன வருஷம் அரியலூரில் என் அக்கா பையன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினான். ரோஜா நழுவிக் கீழே விழுந்தது. கூட்டம் சிரித்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி வந்து அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தவன்தான். கோட்டில் ஒரு பட்டன் போயிருந்தது என்று கடைக்காரர் 500 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. பட்டனுக்கு 500 ரூபாய்! தங்கப் பட்டன் போலிருக்கிறது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் பையன் கிளாஸில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘பிரசன்ட் மிஸ்’ என்பதையே வாய்க்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டான். மிஸ் இரண்டு தரம் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பிச் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் டயரியில் அதே வரி. அக்கா பெரம்பலூருக்குப் போன் போட்டாள்.

“டேய் தம்பி, இவன் கடல் கொள்ளைக்காரனாத்தான் போவேங்கிறான்டா. நான் ராஜேந்திர சோழன் போடலாம்னு பார்த்தேன். கிரீடம், கவசம், வாள் எல்லாம் சேர்த்து வாடகை 600. அட்வான்ஸ் 500. இவருக்குச் சம்பளம் பத்தாம் தேதி. போட்டி ஏழாம் தேதி.”

அக்கா வீட்டுக்காரருக்கு சிமென்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதிதான். மாமா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “ராஜேந்திர சோழன் 1025ல கப்பல் கட்டிக்கிட்டுப் போய் கடாரத்தை ஜெயிச்சாரு. அங்கேர்ந்து வாரிக்கிட்டு வந்ததைக் கல்வெட்டுலயே வெட்டி வெச்சிருக்காரு. கடாரத்துக்காரனைக் கேட்டா அவரையும் என்ன பேர் சொல்லுவானோ!” கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேச தைரியம் வேண்டும்.

அக்காவின் கட்சி வேறு. “நம்ம ஊர்ல கடலும் இல்ல, கப்பலும் இல்ல. வெச்ச பேரைக் கெடுக்கற மாதிரி கொள்ளைக்காரன் வேஷமா?”

விவகாரத்தை முடித்து வைத்தது எங்க அம்மா. “ஏன்டி, ஆயிரத்தில் ஒருவன்ல வாத்தியாரே போட்ட வேஷம்தானே? வைத்தியராத்தானே இருந்தாரு? அடிமையா வித்தாங்க, வேற வழியில்லாம கப்பல் கொள்ளைக்காரரா ஆனாரு. அதுல என்னடி கௌரவக் குறைச்சல்?” 1965ல் வந்த பந்துலு படம். அம்மாவைப் பொறுத்தவரை எம்.ஜி.ஆர். செய்துவிட்டால் சுப்ரீம் கோர்ட் சொன்ன மாதிரி. அப்பீல் கிடையாது.

நான் பி.காம். எந்த வேலையையும் ஓப்பனிங் ஸ்டாக் பார்க்காமல் தொடங்கமாட்டேன். கடற்கொள்ளையனுக்கு என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம். அந்தக் காலத்துக் கொள்ளையர்களுக்கு யூனிஃபார்ம் என்று ஒன்று கிடையவே கிடையாது! சாதாரண மாலுமி கட்டுகிற தொளதொள கால்சட்டை, கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் ஒரு கைக்குட்டை. பிடித்த கப்பலில் நல்ல துணி கிடைத்தால் அதையும் மாட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான். நாம் இன்றைக்குப் பார்க்கிற தலைக்கட்டு, இடுப்பில் பளீரென்ற துணி எல்லாம் பெரும்பாலும் ஹோவர்ட் பைல் (1853-1911) என்ற அமெரிக்க ஓவியர் தன் படங்களில் கட்டிவிட்டது. ஒற்றைக் காலும் தோளில் கிளியும் 1883ல் புத்தகமாக வந்த ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவல் உபயம். கை கொக்கி, 1904ல் மேடையேறிய ‘பீட்டர் பான்’ நாடக வில்லன் கொடுத்தது. அதாவது, கொள்ளையனுக்கு மாறுவேடம் போட்டதே கதை எழுதியவர்களும் படம் போட்டவர்களும்தான்.

அதைவிட விசேஷம், துணி யாருடையது என்பது. ‘காலிகோ ஜாக்’ என்று ஒரு கொள்ளையன். நிஜப் பெயர் ஜான் ராக்கம். 1720ல் ஜமைக்காவில் தூக்கில் போட்டார்கள். அவன் விரும்பி உடுத்திய காலிகோ பருத்தித் துணியால் அந்தப் பெயர். காலிகோ என்பது நம் கோழிக்கோடு! மாலுமிகள் போட்ட முரட்டுத் துணிக்கு டங்காரி என்று பெயர். மும்பை டோங்க்ரியிலிருந்து போனது. தலையில் கட்டுகிற பந்தனா? இந்தியில் கட்டுவது என்று அர்த்தம். முடிச்சுப் போட்டு சாயத்தில் முக்கிப் புள்ளி வரவழைக்கிற துணி. நம் சுங்குடியும் அதே வித்தைதான். பருத்தி விளைகிற பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு கொள்ளையன் துணிக்கு வாடகைக் கடைக்குப் போவானேன், சொல்லுங்கள்?

வியாழக்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு கட்டைப்பை நிறைய வீட்டுச் சாமானோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் பையைப் பார்த்து “பழைய சாமான் வியாபாரமா சார்?” என்றார். கிழிந்த குடை, கொட்டாங்குச்சி, குருத்தோலை, பழைய சட்டை... அவர் மேல் தப்பில்லை.

சட்டையிலிருந்து ஆரம்பிப்போம். என்னுடைய பழைய வெள்ளை முழுக்கைச் சட்டை. இண்டர்வியூக்களுக்குப் போட்டுப் போட்டு காலர் நைந்தது. வெள்ளையாக இருந்தால் மாலுமி சலவைக்குப் போட்ட மாதிரி இருக்கும். அதனால் ஒரு பாத்திரம் தண்ணீரில் நாலைந்து ஸ்பூன் டீத்தூளைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, சட்டையை அரைமணி முக்கிப் பிழிந்து காயப்போட்டோம். ஆறு மாதம் கடலில் கிடந்த பழுப்பு வந்துவிட்டது. காலரைக் கத்தரித்துத் தூக்கி எறிந்துவிட்டு, கையை மடக்காமல் மணிக்கட்டில் ரப்பர் பாண்ட் போட்டால் கை புஸ்ஸென்று உப்பிக்கொள்ளும்.

கால்சட்டைக்குப் பையனுக்குச் சிறிதாகிப் போன பழைய பேண்ட். முட்டிக்குக் கீழே ரம்பப் பல் மாதிரி வெட்ட வேண்டும். ஒரே நேராக வெட்டினால் டெய்லர் கடையில் தைத்த டிராயர் ஆகிவிடும். செருப்பு வேண்டாம். வழுக்குகிற மரத் தளத்தில் மாலுமிகள் வெறுங்காலோடு வேலை பார்ப்பது சகஜம்.

இடுப்புத் துணியில்தான் உஷாராக இருக்க வேண்டும். மாமா ஆர்வமாக வீட்டிலிருந்த துண்டுகளை எல்லாம் எடுத்து வந்தார். பச்சைத் துண்டு கட்டினால் விவசாய சங்கம். சிவப்பு என்றால் காம்ரேட். கறுப்பு சிவப்போ, காவியோ, நீலமோ... வேண்டாம் சார், ஒன்றாம் வகுப்புப் பையன்! தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கும் சேராத நிறத்தில் ஒரு துண்டு கண்டுபிடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் அம்மாவின் பழைய அரக்குச் சுங்குடிச் சேலையை இரண்டாகக் கிழித்தோம். அகலமானது இடுப்புக்கு, மீதி தலைக்கு. அம்மா கிழிக்கும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அப்பா எடுத்துக் கொடுத்த சேலை.

குடைத் துணியில் ஒரு கண்பட்டை. உள்ளங்கை அளவு வட்டமாக வெட்டி, உள்ளே அட்டை வைத்துத் தைத்து, எலாஸ்டிக் கோத்தால் முடிந்தது. (எலாஸ்டிக் எதிலிருந்து உருவினேன் என்று கேட்காதீர்கள். என்னுடையதுதான்.) கொள்ளையர்கள் ஏன் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு யூகம் உண்டு. வெயிலிலிருந்து இருட்டான கீழ்த்தளத்துக்கு இறங்கினால் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும்; ஒரு கண்ணை முன்கூட்டியே இருட்டுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள் என்று. ஆதாரம் ஒன்றும் உறுதியாக இல்லை. ஆனால் ஒற்றைக் கண்ணோடு மேடைப் படி ஏறினால் பையன் உருளுவான் என்பது உறுதி. படி ஏறும்வரை பட்டை நெற்றியில் இருக்கட்டும். மேலே போனதும் இறக்கிக்கொள்ளட்டும்.

வாளுக்கு வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி. இரண்டு துண்டாக வெட்டி, கோடு குறுக்கும் நெடுக்குமாக வரும்படி மைதாப் பசை போட்டு ஒட்டி, ராத்திரி பூரா அம்மிக்கல்லை மேலே வைத்தால் வளையாது. நீளமாகச் செய்யாதீர்கள். கயிறும் கட்டையுமாக நெருக்கடியான கப்பலில் நீள வாள் சுழற்ற இடமேது? குட்டை வாள்தான் அவர்களுடையது. மேலே பரோட்டாக் கடை பார்சலில் வருகிற வெள்ளித்தாள். கைப்பிடிக்கு மேல் கொட்டாங்குச்சியில் ஒரு வெட்டுப் போட்டுக் கவிழ்த்துச் செருகினால், விரலுக்குக் கவசம் ஆச்சு. இந்த ஒரு ஐடியாவுக்காக மாமா என் கையைக் குலுக்கினார். பத்து வருஷத்தில் முதல் தடவை.

கிளியை அம்மா பார்த்துக்கொண்டார். கல்யாணப் பந்தலில் குருத்தோலைக் கிளி தொங்குமே, அதேதான். மடிக்க மடிக்க மூக்கு வந்தது, வால் வந்தது. தோளில் ஊக்கு குத்தி உட்கார வைத்தோம். காது வளையத்துக்குக் கஷ்டமே இல்லை. என் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்ட காதுதானே? ஓட்டை தூர்ந்திருந்ததால் கர்ட்டன் வளையத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். மீசை தாடிக்குக் கண்மை. 1718ல் கொல்லப்பட்ட ‘பிளாக் பியர்டு’ என்கிற ரவுடி தொப்பிக்கடியில் திரியைக் கொளுத்திப் புகையோடு சண்டைக்கு வருவானாம். இதைச் சொன்னதும் அம்மா ஊதுபத்தியை எடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன்.

இத்தனைக்கும் நடுவில் பையனுக்கு ஒரே சந்தேகம். “நம்ம ஊர்ல ஏன் மாமா கடல் இல்ல?”

இருந்ததே! சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால் அரியலூர், பெரம்பலூர் பக்கமெல்லாம் கடல் ஏறி வந்தது. ஏறுவதும் வடிவதுமாகக் கோடிக்கணக்கான வருஷம் கிடந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக் கல்லில் சிப்பி சிப்பியாக அப்பிக் கிடக்கிறது. ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட் ஜீவராசிகள் கல்லாகி, வாரணவாசி மியூசியத்தில் இருக்கின்றன. அவன் அப்பா வேலை பார்க்கிற ஆலையில் அரைப்பதே அந்தக் கடலின் சுண்ணாம்பைத்தான். இதைச் சொன்னதும் பையன் வெகுநேரம் மாமாவின் தூசி படிந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை. இரண்டு தக்காளி, மூன்று பாரதியார், ஒரு ராஜேந்திர சோழன் (கிரீடம் மூக்குவரை இறங்கியிருந்தது) முடிந்து இவன் முறை. படி ஏறினான். பட்டையை இறக்கினான். வாளைத் தூக்கினான். அப்புறம்... நிசப்தம். சொல்லிக் கொடுத்த நாலு வரியில் ஒன்றும் வரவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

மைக்கோடு நின்ற மிஸ் நல்லவர். குனிந்து, “கொள்ளைக்காரரே, உங்க கப்பல் எங்கே?” என்றார்.

“கடல் வத்திப் போச்சு மிஸ்!” என்றான் சத்தமாக. “அதான் டவுன் பஸ்ல வந்தேன்!”

கூட்டம் சிரித்தது. போன வருஷமும் சிரித்த அதே கூட்டம்தான். இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் நிறுத்த முடியவில்லை. சிப்பி, சுண்ணாம்பு, “எங்கப்பா அந்தக் கடலைத்தான் சிமென்ட் ஆக்கறாரு” என்று போய்க்கொண்டே இருந்தது. மிஸ் மைக்கைப் பிடுங்கவேண்டியதாயிற்று. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்ற மாமா, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார்.

முதல் பரிசு தக்காளிக்கு. நமக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ். மொத்தச் செலவு: மைதா, கண்மை, ரப்பர் பாண்ட், டீத்தூள் சேர்த்து 46 ரூபாய். பஸ் சார்ஜைத் தாய்மாமன் சீர் கணக்கில் எழுதிவிட்டேன்.

வாள் இன்னும் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. சுங்குடித் துண்டைத் துவைத்து மடித்து அம்மா பெட்டியில் வைத்துக்கொண்டார். கண்பட்டையைப் பையன் கழற்ற மறுக்கிறான் என்று தகவல். இருக்கட்டும், எலாஸ்டிக்கை நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை.