அந்தக் கம்பெனி லாரி வேண்டவே வேண்டாமா?

"இனி அந்தக் கம்பெனி வண்டி நம் வாசலில் நிற்கக் கூடாது." 2023-ல் நான் வீட்டில் சொன்ன வார்த்தை இது. கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் இதுவரை காப்பாற்றி வந்திருக்கிறேன். இப்போது அதை மாற்றிக் கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். என் போன்ற நிலையில் இந்த ஊரில் நம்மவர்கள் பலர் இருப்பதால், யோசனையைப் பகிரங்கமாகவே செய்கிறேன்.

நான் பெங்களூர் கலாசிபாளையத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. காலை முதல் இரவு வரை பிறர் லாரிக்குப் பில் எழுதிக்கொண்டிருப்பவனுக்குச் சொந்த வண்டி ஆசை வருவது இயற்கை. 2021-ல் மனைவியின் ஆறு பவுன் நகை அடகுக் கடைக்குப் போனது. ஒன்பது லட்ச ரூபாய் வண்டி. முன்பணம் 1,80,000. மாதத் தவணை 19,140, 48 மாதம். தர்மபுரிப் பக்கத்திலிருந்து மைத்துனரை வரவழைத்து, வண்டியை அவரிடம் ஒப்படைத்தேன்.

மூன்றாம் மாதமே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "எரிந்தால் எரியட்டும் மாமா, வண்டி ஓடுகிறதே" என்றார் மைத்துனர். கொஞ்ச நாளில் வண்டி ஓடவும் மறுத்தது. மேட்டில் மாட்டு வண்டி நம்மை முந்தும் போலிருந்தது. தெரு மெக்கானிக் கையை விரித்தார். கம்பெனி பட்டறையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ஒருமுறை ஒரு பாகம் வருவதற்கு 17 நாள் வண்டி அங்கேயே நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை.

2023-ல் 4,10,000-க்கு விற்றோம். அது பாக்கிக் கடனை அடைத்ததோடு சரி. நகை கடையிலேயே இருந்தது. அதை மீட்க எனக்கு இரண்டு தீபாவளி போனஸ் ஆனது.

இப்போது மைத்துனருக்கு ஓசூரிலிருந்து பெங்களூருக்குத் தினசரி லோடு கிடைத்திருக்கிறது. அந்தச் சரக்கின் நீளத்துக்கும் எடைக்கும் பொருந்துகிற வண்டி எது என்று விசாரித்தால், மறுபடி அதே கம்பெனி! எனக்கு வந்த ஆத்திரத்தில் பழைய பில் கட்டையே எடுத்து அவர் முன் போட்டேன். போட்ட பிறகுதான் அதை ஒழுங்காகப் படித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டறைக்குப் போனது 11 தடவை. அதில் ஏழு தடவை அந்த மஞ்சள் விளக்குக்காக. ஒயரிங் கோளாறு இரண்டு தடவை. கிளட்ச் ஒன்று, கதவுப் பூட்டு ஒன்று. கிளட்ச் போனதற்குக் காரணம் எங்களுக்கே தெரியும். ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றினோம்.

அந்த விளக்கு எதற்கு? 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகளுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி கட்டாயமானது. அதனால் டீசல் வண்டியின் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று வந்தது. சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால் அந்தச் சூடு வரும். சிக்பேட்டையிலும் அவென்யூ ரோட்டிலும் பத்தடிக்கு ஒரு பிரேக் போட்டு, பாதி எரியும்போதே இன்ஜினை நிறுத்தினால் எப்படி வரும்? நாங்கள் ஓட்டியதெல்லாம் கலாசிபாளையத்தைச் சுற்றியே. அந்த ஓட்டத்துக்கு சி.என்.ஜி. வண்டி வாங்கியிருக்க வேண்டும்.

இதை விற்பனை ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அவர் குற்றம் பெரிது. ஆனால் அது அந்த ஷோரூமின் குற்றம். ஒயரிங் கம்பெனியின் குற்றம். மற்றதில் எங்கள் பங்கும் உண்டு. ஒரு பெயர்ப்பலகை மீது எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதனால்தான் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை.

பெயரைப் பார்த்து வாங்குவதும் இதே தவறுதான். 1980-களில் ஜப்பான் கூட்டோடு நான்கு சின்ன லாரிகள் வந்தன: ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்தா, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான். டொயோட்டா, நிசான் என்றால் உலகப் பெயர்கள். ஆனால் அந்த இரண்டு லாரிகளும்தான் பிறகு சந்தையிலிருந்து மறைந்தன. 1986-ல் வந்த டாடா 407 ஊர் ஊராக நிலைத்தது. வழியில் வண்டி நின்றால் பாகம் எங்கே கிடைக்கும், கை வைக்க ஆள் எங்கே என்பதைத்தான் லாரிக்காரன் முதலில் கேட்பான். எங்கள் ஆபீஸ் டிரைவர்களிடம் அரை மணி உட்கார்ந்தால் எந்தப் பட்டறை எத்தனை நாள் இழுக்கும் என்று சொல்லிவிடுவார்கள். பத்து ஆண்டாக அவர்களோடு டீ குடிக்கிறேன். இதை மட்டும் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு உதவாது. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு உதவும். குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். பிழைக்க வந்த நமக்கு இது பெரிய வசதி. எங்கள் வண்டியோ என் பெயரில், ஓட்டியவர் மைத்துனர். இது சொந்தப் பிழைப்பா, வியாபாரமா என்றே வழக்கு இழுத்திருக்கும்.

ஆகவே இம்முறை ஆர்.சி. அவர் பெயரில். லோடு வண்டியின் அளவுக்குள். ஓசூர் சாலையில் ஓடப்போவதால் கரி எரியும். பட்டறைக்கு விடும்போதெல்லாம் தேதி போட்ட சீட்டு வாங்கி வைப்பது என் பொறுப்பு. அதே கம்பெனி வண்டிக்கே முன்பணம் கட்டலாம் என்பது என் முடிவு.

மனைவிக்கு இன்னும் சம்மதமில்லை. "மறுபடியும் அவனிடமா?" என்கிறாள். நகை இந்த முறை பெட்டியை விட்டு வெளியே வராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மைத்துனர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.