மேஸ்திரியின் நோட்டு



அதிகாரம் என்றதும் நமக்கு மந்திரியும் கலெக்டரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நல்ல கதாசிரியர்களோ சின்ன நாற்காலிகளையும் விட்டுவைக்கவில்லை.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1884-ல் ‘பச்சோந்தி’ என்றொரு சிறுகதை எழுதினார். பொற்கொல்லன் ஒருவனின் விரலை நாய் கடித்துவிடுகிறது. நாயின் சொந்தக்காரனை விடமாட்டேன் என்று குதிக்கிறார் போலீஸ் அதிகாரி. அது ஜெனரல் வீட்டு நாய் என்று கூட்டத்தில் ஒரு குரல். அவ்வளவுதான்! கடிபட்டவனே குற்றவாளி ஆகிவிடுகிறான். இல்லை, ஜெனரலுடையது இல்லை என்றதும் பழையபடி நாய் மேல் குற்றம். கதை முழுக்க இதே கூத்துதான். சட்டம் மாறவில்லை, சொந்தக்காரர் யார் என்பதுதான் மாறுகிறது!

நம்ம பக்கத்துக் கதை ஒன்று. வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆனது. 2013-ல் வந்த ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் மலையேறுகிறார்கள். ஆசை காட்டி, முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனது துரை இல்லை, மேஸ்திரி! என்ன உழைத்தாலும் கணக்கில் கடன் தீராது. அந்தக் கணக்குதான் காலில் விழுந்த விலங்கு.

மேலிடத்து உத்தரவு, மேஸ்திரி என்ன செய்வான் என்று சிலர் கேட்கலாம். உத்தரவு மேலேயிருந்து வரலாம். ஆனா கையை ஓங்குறது இவன்தானே? கீழே இருப்பவன் கண்ணுக்கு அதிகாரம் என்பதே இவன் முகம்தான்.

இதை ஏன் ஆண்டு மலரில் எழுதுகிறேன்? டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் உட்காரப்போவது இந்த நடு நாற்காலியில்தான். சூப்பர்வைசர், சைட் இன்ஜினியர், ஷிப்ட் இன்சார்ஜ்! ஆள் கணக்கும் ஓவர்டைம் கணக்கும் நம் கையில் இருக்கும். என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமைக் கூலியில் அரை நாள் குறைந்தாலும் கேட்கப் பயந்து பேசாமல் வந்துவிடுவார். கேட்டால் திங்கட்கிழமை வேலை இருக்காதே! எங்கள் குடும்பத்தில் அந்த நோட்டை எழுதும் பக்கத்துக்குப் போகிற முதல் ஆள் நான்தான்.

நல்ல மனசு இருந்தால் போதும் என்று நான் நம்பவில்லை. யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் நல்லவனும் மேஸ்திரி ஆகிவிடுவான். ஆகவே, கணக்கை ஆள் எதிரிலேயே எழுதுவோம். வாசித்துக் காட்டுவோம். தப்பு என்று அவர் சொன்னால் முறைக்காமல் திருத்துவோம். கேட்டவருக்கு மறுநாளும் வேலை கொடுப்போம்.

செய்வோமா, தோழர்களே?