வருகை எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தகவல் சேவைகளை நிறுத்தாதீர்கள்: எங்கள் நிலைப்பாடு

கடலோர ஊர்களிலும் மலைக் கிராமங்களிலும் சிறிய தகவல் சேவைகளை நடத்துபவர்கள் சேர்ந்த கூட்டமைப்பு எங்களுடையது. கடல் நிலவரம், ஏல விலை, அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், ஊர்ச் செய்தி ஆகியவற்றைத் திரட்டி, சரிபார்த்து, தமிழில் எழுதி இணையத்தில் ஏற்றுகிறோம். இணையம் எளிதில் எட்டாத ஊர்கள் இவை. ஆகவே மாதக் கடைசியில் வரும் வருகைக் கணக்கு எப்போதுமே சிறியதாகத்தான் இருக்கும். அந்த எண்ணைக் காட்டி, "இவ்வளவு பேருக்காகவா இத்தனை செலவு?" என்று நிதி தருபவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடையாக அந்த ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சேவையை மூடுவது தவறு. அதைத் தெளிவாகச் சொல்லவே இந்த அறிக்கை.

புதுச்சேரி அருகே நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்குள்ளவர்களுக்கு அன்றாடம் வேண்டியிருந்தது கடலின் நிலவரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு கிடைத்தது. வில்லியனூரில் இருந்த மைய அலுவலகத்தில் அதை எடுத்து, தமிழில் பேசிப் பதிவு செய்து, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். கரையில் கட்டிய ஒலிபெருக்கி அதைச் சொன்னது.

அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அன்று பதிவாகியிருக்கக்கூடியது வில்லியனூரிலிருந்து ஒரே ஒரு வருகை. கேட்டதோ ஒரு கரை முழுவதும். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர், ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர், மீன் கூடையோடு பேருந்துக்கு நின்ற பெண் எல்லோரும் அதில் அடக்கம். படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

கேட்டவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் மதிப்பு. விடியற்காலையில் படகு இறக்குவதா வேண்டாமா, எந்த வலையை ஏற்றுவது, எவ்வளவு டீசல் வாங்குவது, புதிதாகத் தொழிலுக்கு வந்த பையனை இன்றைக்குக் கூட்டிப்போகலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் முடிவெடுக்க வேண்டும். டீசலும் ஐஸும் பல வீடுகளில் கடனில் வருபவை. காற்று மாறும் என்று தெரிந்து ஒருவர் போகாமல் இருந்தால், அந்தக் கடன் ஏறவில்லை, வலை கிழியவில்லை, ஆள் பத்திரம். போகாமல் இருந்த அந்த நாளை எந்த வருகைக் கணக்கும் காட்டாது. எங்கள் சேவைகளின் பயனில் பெரும்பகுதி இப்படி நடக்காமல் போனவற்றில்தான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி, இதே திட்டத்தின் தகவல் மையம் இருந்த நல்லவாடு ஊரில் நடந்தது பலருக்கும் தெரியும். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர் கரையைவிட்டு விலகி உயிர் பிழைத்தது. படகுகளும் வீடுகளும் போயின. எச்சரிக்கை வந்தது தொலைபேசியில்தான், இணையத்தில் அல்ல. அதை மறைத்துப் பெருமை கொண்டாட எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒலிபெருக்கி ஏற்கெனவே அங்கே இருந்தது. கடல் நிலவரத்தை நாள்தோறும் சொல்லி வந்ததால் அதன் சொல்லை ஊர் நம்பியது. டிசம்பர் 25 வரைக்குமான புள்ளிவிவரத்தை வைத்து அந்த மையத்தை மதிப்பிட்டிருந்தால் இந்தப் பயன் எந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும்?

வருகையை எண்ணும் கருவிகளின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு தகவல் மையத்தின் ஒற்றைக் கணினியில் ஒரு நாளில் பலர் பார்த்தாலும் கருவி அவர்களை ஒருவராகவே எண்ணக்கூடும். கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைப்பதால், முகவரியைக் கொண்டு எண்ணும் கணக்கும் குறைகிறது. எண்ணும் நிரல் பெரும்பாலும் பக்கத்தின் எழுத்துகளுக்குப் பிறகுதான் இறங்குகிறது. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் எழுத்து வந்துவிடும், நிரல் வராது. படித்தவர் படித்துவிட்டார், கணக்கில் இல்லை. வாட்ஸ்அப்பில் படமாகப் போனதும், அச்செடுத்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியதும் எங்கேயும் பதிவாவதில்லை. நகரத்து வாசகர்களுக்காக உருவான கருவி, இணைப்பு மிகவும் மோசமாக உள்ள ஊரைத்தான் மிகவும் குறைத்துக் காட்டுகிறது. உதவி அதிகம் தேவைப்படும் ஊருக்கே முதலில் நிதி நிற்பது இதனால்தான்.

வீட்டுக்குள்ளும் இதே கதை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 33.3 சதவீதம், ஆண்களில் 57.1 சதவீதம். வீட்டில் ஒரே கைபேசி இருந்தால் அது பெரும்பாலும் ஆண் கையில்தான் இருக்கும். விதவை உதவித்தொகைக்கான விண்ணப்ப விவரத்தை மகன் திறந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினால், கணக்கில் வருவது மகன். பயனாளி அம்மா.

அப்படியானால் எதை அளப்பது? சத்தீஸ்கரில் 2010-இல் பத்திரிகையாளர் சுப்ரான்சு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. சாதாரணக் கைபேசியிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் அது திரும்ப அழைக்கும். கோண்டி மொழியிலோ இந்தியிலோ குறையைச் சொல்லலாம், அல்லது பிறர் சொன்னதைக் கேட்கலாம். கைப்பம்பு ரிப்பேர், வேலை உறுதித் திட்டக் கூலி பாக்கி, ரேஷன் என்று குறைகள் வரும். சொல்பவர் சம்பந்தப்பட்ட அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துச் சொல்வார். எங்கோ நகரத்தில் அதைக் கேட்பவர் அந்த அதிகாரியை அழைத்துக் கேட்பார். தீர்ந்துவிட்டால் குறை சொன்னவரே மறுபடி அழைத்து, தண்ணீர் வருகிறது என்று பதிவு செய்வார். அந்த இரண்டாவது பதிவைவிட நேர்மையான அளவுகோல் எங்களுக்குத் தெரியாது. எங்கள் உறுப்பினர்கள் எல்லோரும் இந்த முறைக்கு மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கேட்டவர் யார், என்ன கேட்டார், பிறகு என்ன ஆயிற்று என்று பணியாளர் தன் நோட்டில் எழுதி, சில வாரம் கழித்து அதே ஆளிடம் மறுபடி விசாரிக்க வேண்டும். பெண்களிடம் தனியாக, பெண் பணியாளர் விசாரிக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரத்துக்கான கூலி நிதியிலேயே சேர்ந்திருக்க வேண்டும்.

சில பயன்கள் ஆண்டுகள் கழித்தே தெரியும். மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியது 1998 பொங்கலன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்தே அப்போது மூன்று ஆண்டு ஆகவில்லை. தமிழ்நாட்டில் அதைத் திறந்து பார்க்க முடிந்தவர்கள் மிகச் சொற்பம். முதல் ஆண்டு வருகையை வைத்து அதை அளந்திருந்தால் இன்றைய மாணவர்களும் ஆய்வாளர்களும் நாள்தோறும் எடுத்தாளும் அந்த நூல்கள் அங்கே இருந்திருக்காது.

சிறியது எல்லாமே நல்லது என்று நாங்கள் வாதாடவில்லை. யாருக்கும் வேண்டாத தகவலை ஏற்றிக்கொண்டிருக்கும் சேவைகள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ஒரு நாள் அறிவிப்பு தவறினால் யாராவது வந்து "இன்னிக்கு ஏன் சொல்லல?" என்று கேட்கிறார்களா? தொடர்ந்து ஒருவரும் கேட்காவிட்டால் அந்தச் சேவையை மாற்றி அமைக்க வேண்டும், அல்லது மூட வேண்டும். அதை நாங்களே செய்வோம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். பயனாளி எண்ணிக்கையை நிரூபிக்கப் பெயர், கைபேசி எண், ஆதார் எண் அடங்கிய பட்டியல் கேட்டால் தர மாட்டோம். கணவன் அடிப்பதற்கு என்ன சட்டம் என்று கேட்டு வந்த பெண்ணின் பெயர் நிதி தருபவர் யாருடைய கணக்குத் தாளிலும் ஏறக் கூடாது. அதனால் நிதி நின்றாலும் பரவாயில்லை.

வரும் நிதியாண்டு முதல் எங்கள் அறிக்கைகளில் வருகை எண்ணிக்கை தனியாக இடம்பெறாது. செய்தி எந்த வழிகளில் பரவியது, அதனால் எந்தக் காரியம் முடிந்தது, எது முடியவில்லை என்ற விவரத்தோடு சேர்ந்தே வரும். நிதி தருபவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. மதிப்பிட வரும்போது அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பதோடு நிற்காமல், அறிவிப்பு நேரத்தில் கரைக்கும் சந்தைக்கும் வாருங்கள். ஒரு சேவையை நிறுத்த முடிவெடுத்தால், மூன்று மாதம் முன்னதாக ஊர்க் கூட்டத்தில் அதைச் சொல்லி, அங்கே எழும் கேள்விகளுக்கு நேரில் பதில் சொன்ன பிறகு நிறுத்துங்கள்.