எலி பேஸ்ட்: மூணாவது நாள் ‘நல்லா இருக்கான்’னு நம்பிடாதீங்க

1/ "வாந்தி நின்னுடுச்சு டாக்டர், இட்லி சாப்பிட்டான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்." எலி பேஸ்ட் விஷத்தில் அட்மிட் ஆனவரின் குடும்பம் இப்படிச் சொல்லும்போதுதான் எனக்குப் பயமே வரும். ஏன்னு சொல்றேன்.

2/ மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்ட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. முதலில் வாந்தி, வயிற்றுவலி. அடுத்த ஓரிரு நாள் எல்லாம் சரியான மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் செத்துக்கிட்டு இருக்கும்.

3/ கல்லீரல் திடீர்னு செயலிழந்தா எங்க முன்னாடி இருக்குற கேள்வி: இது தானா தேறுமா, மாற்று அறுவை சிகிச்சை வேணுமா? அவசரப்பட்டா, தேறவேண்டியவருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை. கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கும் உறவினருக்கும் தேவையில்லாத ஆபத்து. தாமதிச்சா மூளை வீங்கி உயிரே போயிடும்.

4/ இதைக் கணிக்க 1989ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவர்கள் ஒரு அளவுகோல் தந்தாங்க. பாராசிட்டமால் விஷத்துக்கு ஒரு பட்டியல், மற்ற காரணங்களுக்கு இன்னொண்ணு. இன்னைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுது.

5/ ஆனா அதில் ஒரு பள்ளம் இருக்கு. பட்டியலில் வந்துட்டா ஆபத்து அதிகம், சரி. வரலைன்னா ஆபத்தில்லைன்னு அர்த்தம் இல்லை! அதோட, நம்ம ஊர்ல முக்கியமான காரணங்கள் மஞ்சள் காமாலை வைரஸ்கள், காசநோய் மாத்திரைகள், எலி பேஸ்ட். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்தில் போகும்.

6/ அதனால ஒரு நாள் ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணக்கூடாது. ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் திறன், இயல்பா 1 அளவில் இருக்கணும்), லாக்டேட், அமோனியா, நினைவு நிலை எல்லாம் ஏறுதா இறங்குதான்னு திரும்பத் திரும்பப் பார்க்கணும்.

7/ ரத்தக்கசிவு இல்லாதப்போ நம்பரைச் சரிபண்ண மட்டும் பிளாஸ்மா ஏத்துறது தப்பு. ஐஎன்ஆர் குறையும், கல்லீரல் தேறியிருக்காது. வழிகாட்டுற விளக்கை நாமே அணைக்கிற மாதிரி.

8/ என் கருத்து இதுதான்: நினைவு தடுமாறும் வரை காத்திருக்காதீங்க. ஐஎன்ஆர் ஏற ஆரம்பிச்ச அன்னைக்கே, கல்லீரல் மாற்று வசதியுள்ள மருத்துவமனைக்கு மாத்தணும். மாத்தினா ஆபரேஷன் நிச்சயம்னு இல்லை. பலர் ஆபரேஷன் இல்லாமலே தேறுறாங்க. ஆனா தேவைப்பட்டா, தானம் தர்றவரைப் பரிசோதிக்கவே நேரம் வேணும். மூளை வீங்கின பிறகு ஆம்புலன்ஸ் பயணமே ஆபத்து.

9/ நீங்க கேட்கவேண்டிய கேள்வி: "நேத்து ஐஎன்ஆர் எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவு?" பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிருந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே சொல்லுங்க. எவ்வளவு நல்லா தெரிஞ்சாலும், டாக்டர் சொல்லாம டிஸ்சார்ஜ் கேட்காதீங்க.

10/ குழந்தை தெரியாம வாயில வச்சிருந்தாலும் இதே விதிதான். வீட்டுல அந்த ட்யூப் இருந்தா இன்னைக்கே அப்புறப்படுத்துங்க. மனசு தாங்கலைன்னா 14416க்குக் கூப்பிடுங்க, எந்த நேரமும் பேச ஆள் இருக்காங்க.